நம்பி விழுந்த கதை

கொழும்புக்குப் போய் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பும் முகாமையாளரைப் போல ஆபத்தான பிராணி எந்தக் காரியாலயத்திலும் கிடையாது. முதல் ஒரு வாரத்துக்கு அந்தப் பிராணியின் கண்ணில் படாமல் இருப்பதுதான் மற்றவர்களுக்கு நல்லது. நானே அப்படி ஒரு பிராணியாகத் திரிந்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

நான் அப்போது பல்லேகலயில் மிளகு, கறுவா, கராம்பு என்று வாசனைச் சரக்கெல்லாம் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பனியில் இருந்தேன். (வேலை முடிந்து கண்டி பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் தும்முவார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் கணவரும் முதலில் தும்மிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.) கிளார்க்காகச் சேர்ந்தவளை, புதிதாகப் பொறுப்பெடுத்த சின்ன முதலாளி ஒரேயடியாக முகாமையாளர் ஆக்கிவிட்டார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அப்பா காலத்துப் பழக்கம் எதுவும் அவருக்குப் பிடிக்காது. பொதி செய்யப் புது மெஷின்கள் வாங்கிப் போட்டார். "மெஷின் மட்டும் மாறினாப் போதாதுங்க புவனா. ஆளுங்க பழகுற விதமே மாறணும்" என்பார். எப்படி என்று கேட்டால் கையை அகல விரித்துக் காட்டுவார்.

எனக்கு முன்னால் இருந்த முகாமையாளர் மாடிப்படி உச்சியில் கண்ணாடி அறைக்குள் இருந்தபடியே ஆட்சி செய்தவர். அவர் படியிறங்கினால், கீழே மேற்பார்வையாளர் சுனில், "சேர் எனவா!" என்று சிங்களத்தில் குரல் கொடுப்பார். சேர் வருகிறார் என்று அர்த்தம். உடனே எல்லோரும் பேச்சை நிறுத்தி, நடைபாதையை விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்பார்கள். நடுவே அவர் தேர் மாதிரி நகர்ந்து போவார்.

அந்த அறைக்கு நான் வந்த முதல் நாள் படியிறங்கினேன். "மேடம் எனவா!" என்றார் சுனில். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது. நாவலப்பிட்டியில் புடவைக் கடை வைத்திருந்தவரின் மகளுக்கு அதற்கு முன்னால் வழிவிட்டது மாடுகள் மட்டுமே.

பிடித்தம் நீடிக்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு சரக்கு அப்படியே திரும்பி வந்தது. பாக்கெட்டுகளின் வாய் சரியாக ஒட்டவில்லை. கறுவாத் தூள் பெட்டி முழுக்கக் கொட்டிக் கிடந்தது. நான் எல்லோரையும் கூட்டி, "புது மெஷின் சரியா ஒட்டலன்னு உங்க யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில், பொதி செய்யும் பெண்களுக்குத் தலைவியான ஃபரீனா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"தெரியும் மேடம். மேடம் எங்களுக்கிட்ட கேக்கல்லையே."

நேராகச் சின்ன முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கையை அகல விரித்து, "பார்த்தீங்களா, இதைத்தான் சொன்னேன்" என்றார். அடுத்த வாரமே என்னைக் கொழும்பில் ஒரு ஹோட்டலில் நடந்த பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்.

மூன்று நாளும் குளிரூட்டிய மண்டபம், வேளைக்கு ஒரு கேக், மேடையில் டை கட்டிய ஒருவர். "உங்கள் ஊழியர்கள் உங்களுக்கு வழிவிடுகிறார்களா? அது மரியாதை இல்லை, தூரம்!" என்று அவர் சொன்னபோது என்னையே பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. நான் எழுதினேன், எழுதினேன், ஹோட்டல் கொடுத்த பேனாவில் மை தீரும்வரை எழுதினேன். திரும்பி வரும் ரயிலில் கடுகண்ணாவ மலை ஏறும்போது, ஒரு கம்பனியையே கைதூக்கிவிடப் போகிறவளாக என்னை நானே ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் சீர்திருத்தம். இனிமேல் யாரும் மேடம் என்று கூப்பிடக்கூடாது, புவனா என்றால் போதும் என்று அறிவித்தேன்.

"சரி, புவனா மேடம்" என்றார் சுனில்.

"மேடம் வேணாம் சுனில். வெறும் புவனா."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க, என்னைக் கூப்பிட வேண்டி வந்தால் பக்கத்தில் வந்து நின்று இருமினார்.

ஃபரீனாவுக்கு வேறு யோசனை. "எங்களுக்கு மூத்தவங்கட பேர் சொல்லிப் பழக்கமில்ல மேடம். தாத்தா எண்டு கூப்பிடட்டா?" என்றாள். இங்கத்தைய முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. அன்போடுதான் கேட்டாள். நானும் பெருந்தன்மையாகச் சம்மதித்தேன். ஆனால் சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா; எங்களுக்கோ அப்பாவுக்கும் அப்பா. இரண்டு நாள் "தாத்தா, லொறி வந்திட்டு!" என்ற கூவலுக்கு நான் படியிறங்கி வர, சிங்களப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் மிளகு மூட்டைக்குப் பின்னால் குனிந்து குலுங்கினார்கள். மூன்றாம் நாள் மேடமே பரவாயில்லை என்று நானே ஒப்புக்கொண்டேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் குறிப்பில் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. நம்பிக்கைப் பயிற்சி. தலைவர் உயரத்தில் ஏறி, கண்ணை மூடி, பின்பக்கமாக விழ வேண்டும். ஊழியர்கள் கைகளைக் கோத்து அவரைப் பிடிக்க வேண்டும். பிடித்த கணத்திலிருந்து பயம் போய்விடும், நம்பிக்கை பிறந்துவிடும். கொழும்பில் அப்படித்தான் நடந்தது. (அங்கே விழுந்தவர் ஒல்லியான ஒரு வங்கி அதிகாரி என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

வியாழக்கிழமையே விஷயத்தை விளக்கிச் சொல்லி, வெள்ளிக்கிழமை தேநீர் வேளைக்குப் பிறகு எல்லோரையும் பின்பக்கப் புல்தரைக்கு வரச் சொன்னேன். உட்காரும் மர வாங்கு ஒன்றை நடுவில் போட்டேன். பலசாலிகளாகப் பார்த்து இரண்டு வரிசையில் எதிரெதிரே நிறுத்தினேன். ஒரு வரிசைக்கு சுனில், மறு வரிசைக்கு ஃபரீனா. சின்ன முதலாளி கெமராவோடு வந்துவிட்டார். எல்லோருடைய முகமும் ஏனோ பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி வெளிறிக் கிடந்தது. புது அனுபவம் அல்லவா, அதனால்தான் என்று நினைத்தேன்.

சுனில் பக்கத்தில் வந்து இருமினார். "கீழ ஒரு மெத்தை போடுவமா?"

"மெத்தை போட்டா அது நம்பிக்கை இல்ல, சுனில்."

இந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கே புல்லரித்தது.

வாங்கில் ஏறினேன். சேலை முந்தானையை இடுப்பில் செருகினேன். கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக் கண்ணை மூடினேன். விழுவதற்கு முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது பயிற்சியின் விதி. "நான் வர்றேன்!" என்று சத்தம்போட்டேன். தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஒரு சமத்துவ உணர்வில், "மம எனவா!" என்று சிங்களத்திலும் சொல்லிவிட்டுச் சாய்ந்தேன்.

பாதி வழியில் சுனிலின் குரல் கேட்டது. அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. வருஷக்கணக்கான பழக்கம் அவருடைய வாயிலிருந்து தானாக வந்தது.

"மேடம் எனவா!"

இரண்டு வரிசையும் மிகுந்த மரியாதையோடு பின்னால் ஒதுங்கி வழிவிட்டன.

முதல்நாள் பெய்த மழையில் புல்தரை இளகித்தான் இருந்தது. ஆனால் நான் இடது கையை ஊன்றிய இடத்தில் மட்டும் ஒரு கல். 'மளுக்' என்று ஒரு சத்தம். அடுத்து ஒரு கைதட்டல். கெமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்த சின்ன முதலாளி, பயிற்சி இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, "சூப்பர் புவனா!" என்றார்.

கண்ணைத் திறந்தேன். மேலே வானம், வானத்தைச் சுற்றி முகங்கள். ஒருவருக்கும் என்னைத் தொட்டுத் தூக்கலாமா என்று தெரியவில்லை. ஃபரீனாதான் முதலில் உட்கார்ந்து என் தலையை மடியில் எடுத்தாள். "எல்லாரும் என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? கையப் பாருங்க, வீங்கிட்டு!" என்று கத்தினாள். சுனில் கண்ணீர் விட்டபடி, "ஸொரி மேடம், ஸொரி மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறந்துவிட வேண்டிய நம்பிக்கை எங்கேயும் தென்படவில்லை.

கம்பனியின் வான் வண்டியில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுனிலும் ஃபரீனாவும் கூடவே வந்தார்கள். எலும்பு வெடித்திருந்தது. மாக்கட்டுப் போட வந்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பொடியன்.

"எப்பிடி நடந்தது அக்கா?"

நான் பதில் தேடுவதற்குள், கூனிக்குறுகி நின்ற சுனில் முந்திக்கொண்டார். "லீடர்ஷிப், டொக்டர்."

"என்னது?"

"தலைமைத்துவம்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

டாக்டர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். "ஓம், தலைமைத்துவம் நல்லா வீங்கியிருக்கு. மாக்கட்டு கழட்டுமட்டும் இந்தக் கையால தலைமைத்துவம் ஒண்டும் செய்யாதேங்கோ" என்றார். அந்த நேரம் பார்த்து, செய்தி கேட்டு ஓடிவந்த என் கணவர் வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டார்.

அடுத்த கிழமை வேலைக்குப் போனேன். அவமானம் ஒரு பக்கம். ஒற்றைக் கை வாழ்க்கை இன்னொரு பக்கம். கண்ணாடி அறையில் தனியாக இருந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்கப் பார்த்தேன். பருப்பு மேசையில், சம்பல் சேலையில். கடைசியில் பார்சலைத் தூக்கிக்கொண்டு கீழே சாப்பாட்டறைக்குப் போனேன். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஃபரீனா என் கையிலிருந்து பார்சலை வாங்கிப் பிரித்து, வாழைக்காய்ப் பொரியலை ஓரமாக ஒதுக்கித் தந்தாள். மற்ற பெண்கள் என்னைப் பார்க்காத மாதிரி சாப்பிட்டார்கள்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். வேறு வழியில்லை, பசி. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு என்னைச் சுற்றிக்கொண்டு தொடர ஆரம்பித்தது. மகளின் பள்ளிக்கூடம், மாமியாரின் இருமல், கண்டியில் தேங்காய் விலை. ஒரு நாள் ஃபரீனா கேட்டாள்.

"மேடம் கோவிக்காட்டி ஒண்டு கேக்கட்டா? அண்டைக்கு நாங்க பிடிக்காமப் போன. அப்ப யார அனுப்பப் போறீங்க?"

"எங்க அனுப்ப?"

"வீட்டுக்கு. புது மெஷின் வந்தா ஆள் கூடிப்போகுந்தானே. மேடத்த ஒழுங்காப் பிடிக்காதவங்கள அனுப்பத்தான் அந்த டெஸ்ட் வெச்ச எண்டு எல்லாரும் சொன்னாங்க. சுனில் ஐயா வீட்டுல அரிசி மூட்டையத் தூக்கிப் போடச் சொல்லி, பிடிச்சிப் பழகின!"

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுனில் தலை குனிந்துகொண்டார். (சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன். எங்கள் கம்பனியில் உறவுமுறைக்குத் தனி அகராதி வேண்டும்.) அவர் மனைவி அரிசி மூட்டையை உருட்டிவிடுவதையும், இவர் முற்றத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பதையும் நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. மெஷின் கோளாறை அவர்கள் ஏன் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அந்த மெஷின் நன்றாக ஓடினால் முதலில் போவது தாங்கள்தான் என்று நினைத்திருந்தவர்கள் அதைப் பற்றி என்னிடம் எதற்கு வாய் திறப்பார்கள்? நானோ அவர்களைப் பேசவைக்க வாங்கில் ஏறி விழுந்திருக்கிறேன்.

மாக்கட்டுக் கையோடு சின்ன முதலாளியிடம் போனேன். "ஆள் குறைக்கப் போறீங்களா, இல்லையா?" என்று நேராகக் கேட்டேன்.

"இன்னும் முடிவு பண்ணலங்க புவனா."

"அப்படின்னா அதையே கீழ வந்து சொல்லுங்க."

"முடிவு பண்ணாததை எப்படிங்க போய்ச் சொல்றது?"

"அவங்க முடிவு பண்ணிட்டாங்க சேர். அரிசி மூட்டையெல்லாம் பிடிச்சுப் பழகியிருக்காங்க."

அவர் அன்றைக்குக் கையை அகல விரிக்கவில்லை. சாப்பாட்டறைக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து, இந்த வருஷம் யாரையும் அனுப்பமாட்டேன், அடுத்த வருஷத்தைப் பற்றி இப்போது வாக்குக் கொடுக்க முடியாது, எதுவானாலும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன் என்றார். யாரும் கைதட்டவில்லை. ஆனால் அவர் போனதும் மெஷினைப் பற்றிய பேச்சு ஆரம்பித்தது. வேலைக்கு மணி அடித்த பிறகும் ஓயவில்லை. பிற்பாடு சிலர் போக வேண்டித்தான் வந்தது. அவர் சொன்னபடி முன்கூட்டியே சொன்னார். அவர்களுக்கு வேறிடம் பார்க்க அவகாசம் இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஒளிக்காமல் முடிந்தது.

கட்டுக் கழற்றிய பிறகும் நான் கீழேதான் சாப்பிட்டேன். ஒரு நாள் படியிறங்கி வந்தபோது சுனிலும் ஃபரீனாவும் மெஷின் பக்கத்தில் நின்று ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை, வழியும் விடவில்லை. ஒரு பெட்டியைச் சுற்றி, இன்னொன்றைத் தாண்டி, மிளகு மூட்டையில் முட்டிக்கொண்டு நான் அவர்கள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். முகாமையாளராக இருந்த காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

இப்போது ஓய்வு பெற்று அம்பிட்டியவில் இருக்கிறோம். மழை பிடித்தால் இடது மணிக்கட்டு வலிக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தலைமைத்துவம். "இன்னைக்குத் தலைமைத்துவம் எப்படி இருக்கு?" என்று என் கணவர் கேட்பார். சித்தாலேபத்தைத் தேய்த்துக்கொண்டே, "கொஞ்சம் கூடத்தான்" என்பேன். விருந்தாளிகள் வந்தால் கதையை முதலிலிருந்து சொல்வார். வாங்கின் உயரம் வருஷா வருஷம் கூடுகிறது.

மகள் வீட்டிலிருந்தே ஒரு கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்கிறாள். காரியாலயம் அவளுடைய கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் இருக்கிறது. மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். சேர் இல்லை, மேடம் இல்லை. ஆனால் திரையில் அந்த ஆள் முகம் தெரிகிற நேரத்தில், வீட்டு உடுப்புக்கு மேலே அவசரமாக ஒரு கோட்டை மாட்டிக்கொள்கிறாள். குரலும் மாறிவிடுகிறது. அவர்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று எந்தச் சாப்பாட்டறையில் போய்த் தெரிந்துகொள்வார்களோ என்று எனக்குக் கவலைதான்.

போன மாதம் ஒரு நாள் அறையிலிருந்து துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "அம்மா! என்னை டீம் லீடராப் போட்டுட்டாங்க! அடுத்த கிழமை மூணு நாள் ட்ரெய்னிங்!"

நான் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். என் கணவர் பத்திரிகையைக் கீழே இறக்காமலே சொன்னார்:

"நல்லதும்மா. கையைப் பத்திரமாப் பார்த்துக்க."