சூலமில்லாத ஒரு திசை

எங்கள் 'அண்டம்' போல நிலைகொள்ளாத மனிதர் தருமபுரி மாவட்டத்திலேயே கிடையாது. மொத்தப் பிரபஞ்சத்தையும் சேர்த்துக்கொண்டாலும் அவருக்குத்தான் முதல் பரிசு. எண்பதுகளில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நானும் அவரும் குடியிருந்தோம். ஒரே ஆபீஸில் குமாஸ்தா வேலை. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று ஏதோ பத்திரிகையில் படித்த நாள்முதல் மனிதர் உட்காரவே இல்லை. நின்றபடி சாப்பிட்டார், நடந்தபடி பல் தேய்த்தார். ஆபீஸில் 'அண்டம்' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

தாமதமாக வந்த ஒருநாள் மேனேஜரிடமே ஆரம்பித்துவிட்டார்.

"சார், பிரபஞ்சம் வளைஞ்சு மூடியிருந்தா, நேரா போயிட்டே இருந்தாப் பொறப்பட்ட எடத்துக்கே வந்துரலாம் சார்."

"அப்ப நேரா போய்யா. சுத்தி வந்து சேர்ற வரைக்கும் சம்பளம் கெடையாது!"

இப்படிப்பட்டவருக்கு யார் பெண் தருவார்கள்? இரண்டு இடம் தட்டிப்போயிற்று. மூன்றாவது இடம் நல்லம்பள்ளியிலிருந்து வந்தது. பெண்ணின் போட்டோ வந்ததிலிருந்து அவர் நடை ஓட்டமாயிற்று. "இதுவும் போச்சுன்னா எனக்கு வேற யாருமே வேணாம்யா" என்றார்.

பெண் பார்க்கப் புறப்பட்டது வியாழக்கிழமை. ஏறிய பஸ்ஸிலிருந்து அவருடைய தாய்மாமன் சட்டென்று இறங்கிவிட்டார்.

"டேய் மாப்ள, இன்னிக்குத் தெக்க சூலம்டா! நல்லம்பள்ளி தெக்காலல்ல இருக்குது!"

"மாமா, எட்டுத் தெசைக்கும் அப்பால இன்னொரு தெசை இருக்குது. நாலாவது பரிமாணம். அதுக்குப் பஞ்சாங்கத்துல சூலமே கெடையாது."

"அந்தத் தெசைக்கு எந்த பஸ்டா போவுது?"

கடைசியில் பலகாரக் கடையில் கெஞ்சி வாங்கிய நல்லெண்ணெயைப் பரிகாரமாக மாமா தலையில் தேய்த்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றினேன்.

பெண் வீட்டிலும் அண்டம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"ஒடம்புக்கு ஏதாச்சுங்களா தம்பி?" என்றார் பெண்ணின் அப்பா. விவசாயி, ஒரே மகள்.

"எல்லாமே ஒண்ணைவிட்டு ஒண்ணு வெலகிப் போய்க்கிட்டே இருக்குதுங்க. இதான் நடுன்னு ஒரு எடமே கெடையாதுங்க."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். கையெல்லாம் எண்ணெய்.

பெரியவர் முகம் வாடிவிட்டது. "அப்ப எம்பொண்ணு உங்க வூட்டுக்கு வந்துட்டா, நாளுக்கு நாள் எங்களுக்குத் தூரமாயிருவாளுங்களா?"

அண்டம் அப்படியே நின்றுவிட்டார்.

"இல்லீங்க. ரொம்பத் தள்ளி இருக்கறதுதான் வெலகும். கிட்ட இருக்கறதை ஈர்ப்பு புடிச்சு வெச்சுக்கும். நல்லம்பள்ளி எங்கயும் போவாதுங்க. வாரா வாரம் நானே கூட்டியாறேன்."

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது: "அவரை உக்காரச் சொல்லுங்கப்பா. காப்பி ஆறிப்போவுது."

ஆவணியில் கல்யாணம். மறுநாளே வந்து டிரங்குப் பெட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. என் மனசு அந்த மனிதரை ரொம்பவே தேடியது.