ஆமென் வெல்டரின் தீர்க்கதரிசனங்கள்

கர்த்தர் பெயரைச் சொல்லி இவ்வளவு தப்பாகச் சொன்ன மனிதர், கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை வேறொருவர் பிறக்கவில்லை. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆமென் வெல்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளில் புதிதாக முளைத்த ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தால் போதும், கண்ணை மூடி எழுந்துவிடுவார்: "கர்த்தர் சொல்றாரு!"

மழை வராது என்றார். சபை விருந்தான அசனத்துக்குப் போட்ட பந்தல் பறந்து ரயில் பாதையில் விழுந்தது. சபை மூப்பர் மகளுக்கு ஆண் பிள்ளை என்றார். இரட்டைப் பெண் பிள்ளைகள் பிறந்தன. நல்ல வெயில் அடிக்கும் என்று அவர் சொன்னால், எங்கள் தெருவில் காயப்போட்ட மிளகாயை உள்ளே அள்ளுவார்கள்.

நான் சபைச் செயலாளன். ஒவ்வொன்றையும் ஒழுங்காகக் கவனித்து வந்தேன். வேதம் தரும் சோதனையில் சந்தேகத்துக்கு இடமில்லை: கர்த்தர் பெயரால் ஒருவன் சொன்னது நடக்காவிட்டால், அது கர்த்தர் சொன்னதல்ல. இனி அவரைப் பேசவிடக் கூடாது என்று பாஸ்டரிடம் சொல்லித் தடையும் வாங்கிவிட்டேன்.

அந்த வாரமே எங்கள் சபைத் தங்கராசுக்குக் கடும் வயிற்றுவலி. ஆமென் வெல்டர் போய் ஜெபித்து, கத்தி படாமல் எழுந்துவிடுவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஊரிலேயே அவரை நம்பிய ஒரே ஆள் தங்கராசின் மனைவி எஸ்தர். மறுநாள் காய்ச்சல் ஏறி, வயிறு பலகையாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று கெஞ்சினேன். அவள் அசையவில்லை.

வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஆமென் வெல்டர் குதித்து இறங்கினார்.

"இன்னா எஸ்தரு, இன்னும் ஊட்லயே வச்சிக்கினு கீற? தூக்கு, தூக்கு!"

"நீதானண்ணே ஆஸ்பத்திரி வேணாம்ன?"

"நான் சொன்னது எது பலிச்சுது? செயலாளரே, நீங்களே சொல்லுங்க. ஒண்ணாவது பலிச்சுதா?"

"ஒன்றும் இல்லை" என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. உடனே, "கேட்டுக்கினியா? ஏறும்மா வண்டில!" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிழைக்க வைத்தார்கள். தங்கராசு திரும்பி வந்த ஞாயிறு, தடையை மறந்து ஆமென் வெல்டர் எழுந்தார். "கத்தி பட்டுச்சி, பாஸ்டரய்யா. நான் சொன்னது சுத்தப் பொய்யி. ஸ்தோத்திரம்!" அவ்வளவு சந்தோஷமாக யாரும் பாவ அறிக்கை செய்து நான் பார்த்ததில்லை.

சொல்லை வைத்துப் பார்த்தால் பொய்த் தீர்க்கதரிசி. அவர்களைக் கனிகளால் அறிவீர்கள் என்ற வசனத்தை வைத்துப் பார்த்தால், கனி தங்கராசாக முன்வரிசையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கள்ளத் தீர்க்கதரிசிகளை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஞாயிறுதோறும் பாயில் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.