இரட்டைப் பிரதியில் இறக்கைகள்

“நான் தப்பாப் போட்டாலும் அது சரியாத்தான் முடியும்! முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு ஃபைல்கூட என் மேஜைக்குத் திரும்பி வந்ததில்ல, தெரியுமோ?” என்றார் சேஷன்.

“சூரியன் மேற்கால உதிச்சாலும் உதிக்கும் சார். இத நான் நம்ப மாட்டேன்” என்றாள் தங்கம்.

டெல்லி ஓக்லாவில் சேஷனின் மகள் மேதா நடத்தும் பட்டறையில் வெட்டும் மேசை தங்கத்தின் ராஜ்ஜியம். ஆளில்லாக் குட்டி விமானங்களுக்கு, ஒரு பக்கம் பசை பூசிய கார்பன் துணியில் இறக்கை வெட்டுவது அங்கே தொழில். எந்தத் துண்டை எங்கே பொருத்தினால் துணி வீணாகாது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். தங்கம் துணியை விரித்தால், மேசை மேல் ஓடும் கத்தி வெட்டிக்கொடுக்கும்.

கம்ப்யூட்டர் பார்க்கும் நிகிலுக்கு டெங்கு. அதனால்தான் துவாரகாவில் நிம்மதியாக டிகாஷன் இறக்கிக்கொண்டிருந்த சேஷன் இங்கே இறக்கப்பட்டிருந்தார்.

குருகிராமிலிருந்து மேதா போனில் கத்தினாள். “அப்பா, புதுத் துணி வந்திருக்கு. அதோட பேரு, அகலம், ரெண்டு மட்டும் போடு. பாக்கியெல்லாம் காலியா விட்டுடு. முப்பது ஜோடி இறக்கை. சாயங்காலம் கஸ்டமரோட வரேன். இருக்கறது அந்த ஒரே சுருள்தான். அது பாழாச்சுன்னா ஆர்டர் கைவிட்டுப் போயிடும், பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அச்சா?”

“அச்சா, அச்சா” என்றார் சேஷன். ஆனால் ‘காலியா விட்டுடு’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தலையில் பாக்கியிருந்த நான்கு முடியும் நட்டுக்கொண்டன. காலிக் கட்டமா! பூர்த்தி செய்யாத ஒரு கட்டத்தின் வழியாக ஒரு பட்டாளமே உள்ளே புகுந்துவிடும் என்பது அவர் சித்தாந்தம்.

பேரைப் போட்டார். அகலத்தைப் போட்டார். அடுத்த கட்டம்: ‘துண்டுகளுக்கிடையே இடைவெளி’.

“இல்லேன்னா இல்லேன்னு எழுதணும். அதுதான் முறை” என்று பூஜ்யத்தை அடித்தார்.

திரை முழுக்கச் சிவந்தது. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மாலை நேர ராஜீவ் சௌக் மெட்ரோ மாதிரி மூச்சுத் திணறின.

“சார், ரத்தமா இருக்கே!”

“பதறாதே. தாராளமா குடுத்துடறேன்.” ஐம்பது மில்லிமீட்டர் போட்டார்.

இப்போது துணி போதவில்லை என்றது கம்ப்யூட்டர்.

“மேதா பாப்பாவுக்கு ஒரு போன் போடுங்களேன்.”

“இதுக்கெல்லாம் மேலிடத்துக்குப் போறதா? எங்க மந்திரியே எங்கிட்ட கேட்டுண்டுதான் தும்முவார்!” என்றபடி அடுத்த கட்டத்துக்குத் தாவினார்: ‘துண்டுகளைப் புரட்டிப் போடலாமா?’

ஆட்சேபணை இல்லை என்று டிக் அடித்தார்.

ஆஹா! வலது இறக்கைகள் எல்லாம் சமர்த்தாகக் குப்புறப் படுத்து இடது இறக்கைகளாயின. ஒரே சாதிக் கோழிக்குஞ்சுகள் போல வரிசையில் ஒடுங்கின. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. துணி போதும்!

சேஷன் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு கட்டம்தான் பாக்கி: ‘எத்தனை அடுக்கு?’

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சர்க்காரில் எந்தக் காகிதமும் ஒற்றையாகப் போனதில்லை. அசல் ஒன்று, ஆபீஸ் காப்பி ஒன்று. ‘இரண்டு’ என்று போட்டார்.

பாதித் துணி மிச்சம் என்றது திரை!

“பாத்தியா தங்கம்! பாதி மிச்சம்! எனக்கு இவா சிலை வைக்கணும். ஜல்தி, வெட்டு!”

“சிலைய அப்புறம் பாக்கலாம். துணி பாழாச்சுன்னா என் தலைதான் உருளும்” என்று முணுமுணுத்துக்கொண்டே தங்கம் சுருளைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கத்தி ஓடும் சத்தம் சேஷனின் காதுக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

சாயங்காலம் மேதா உள்ளே நுழைந்தவள் திரையைப் பார்த்தாள். கைப்பை நழுவி விழுந்தது.

“என்னப்பா பண்ணி வெச்சிருக்கே! புரட்டலாம்னு எதுக்குப் போட்டே? அத்தனையும் இடது இறக்கை! ஒரு பக்கம்தான் பசை. திருப்பி ஒட்டவும் முடியாது!”

“பாதி மிச்சம்மா...”

“மிச்சமா? ரெண்டு அடுக்குன்னா ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு துணி விரிக்கணும்! தங்கம் எப்பவும் ஒத்தை அடுக்காத்தான் விரிப்பா. முப்பதுதான் வெட்டியிருப்பா, அதுவும் எல்லாம் இடது! கஸ்டமர் வெளியில வண்டியை நிறுத்திண்டிருக்கார். அவருக்கு நான் என்னப்பா சொல்லுவேன்? ஒத்தை இறக்கையில பறக்குமா அது?”

சேஷன் தான் அடித்த டிக்கை அவசர அவசரமாக அழித்தார்.

மேதா வெட்டும் மேசைக்கு ஓடினாள். அடுக்கியிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். இடது. இடது. இன்னொரு இடது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து அடுக்கில் கை வைத்தாள்.

வலது.

அடுத்ததும் வலது. அதற்கடுத்ததும்! பித்துப் பிடித்தவள்போல் எண்ணினாள். இடது முப்பது, வலது முப்பது. அச்சில் வார்த்த மாதிரி முப்பது ஜோடி!

“அப்பா! எப்படிப்பா?”

ஒரு நொடியில் சேஷனுக்கு ஆறடி உயரம் வந்துவிட்டது. “சர்வீஸும்மா, சர்வீஸ்! நான் தப்பாப் போட்டா இறக்கைகூட தானா இடம் மாறிக்கும். கேளு தங்கத்தை, நம்பவே மாட்டேன்னாளே!”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தங்கம் திரும்பாமலே சொன்னாள்:

“நம்ப மாட்டேன்னுதான் சொன்னேன், ஆனா நடந்துபோச்சு சார், நரேலா பஸ்ஸு போயிடுமேன்னு, பாதி நேரத்துல முடியட்டும்னு, ப்ளவுஸுக்கு இடது கை, வலது கை சேத்து வெட்டற மாதிரி துணிய ரெண்டா மடிச்சுப் போட்டுட்டேன்.”