பஸ்ஸில் விட்ட அடாப்டர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் தாய்மாமன் முழு ஆரோக்கியத்தோடும் வலது பெருவிரலில் ஒரு கட்டோடும் எழுதிக்கொள்வது. கப்பலில் நீயும் உன் கூட்டாளிகளும் சுகம் என்று நம்புகிறேன். உன் அம்மா இந்த நிமிஷம் அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே பதறாமல் படி. பதற வேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

நடந்தது அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான். அந்தப் பெரிய கம்ப்யூட்டரை நீ வாங்கி வந்த அன்றே, அதன் நெற்றியில் இருக்கிற டிஸ்க் டிரைவைத் தட்டிக் காட்டி, "ஒருநாள் இது நம்ம குடும்பத்துக்குக் கைகொடுக்கும் மாப்பிள்ளை" என்றேன். நீ சிரித்தாய். சிரித்தவன் இப்போது நடுக்கடலில் இருக்கிறாய், சொன்னவன் இங்கே இருந்து செய்து முடித்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அக்கா கழுத்தைத் தடவிக்கொண்டு, அந்தப் பழைய கட்டி கொஞ்சம் கனக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அடுத்த நிமிஷமே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் புது ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "நாலு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது எங்கம்மா?" என்றார். நீ எடுத்து வைத்துப்போன டிஸ்க், உன் கையெழுத்தில் 'அம்மா கழுத்து' என்று எழுதிய வெள்ளை உறைக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் அவரிடம் டிஸ்க் போடுகிற மெஷின் இல்லை, ஸ்கேன் எடுத்த இடமோ மூடியே இரண்டு வருஷமாகிறது. "பென்டிரைவ்ல ஏத்திக் கொண்டாங்க. வியாழக்கிழமை நாலு மணிக்கு டாக்டருங்க எல்லாரும் உக்காந்து பேசுவோம். பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் வளர்ந்திருக்கான்னு தெரியும். வளர்ந்திருந்தா மறுநாளே ஆபரேஷன். இந்தக் கூட்டத்தை விட்டா அடுத்தது ஒரு மாசம் கழிச்சுத்தான், வளர்ற கட்டியா இருந்தா அவ்வளவு நாள் விடக்கூடாது" என்றார். வெளியே வந்ததும் அக்கா, "பையன் வந்ததும் பாத்துக்கலாம்டா" என்றாள். "அவன் வர மூணு மாசம் ஆகும்க்கா" என்றேன்.

உன் கம்ப்யூட்டர்தான் உனக்குத் தெரியுமே, ரொம்ப நாளாக ஃபேனை மட்டும் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. இப்போதைய லேப்டாப்பெல்லாம் அட்டை மாதிரி மெலிசு, டிஸ்க் போட வாயே கிடையாது. ஆகவே உன் கம்ப்யூட்டரின் டிரைவைப் பிடுங்கி, யாரிடமாவது லேப்டாப் வாங்கி அதில் மாட்டுவது என்று முடிவு செய்தேன். நீ கிளம்பும்போது "மாமா, எதையும் கழட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் இருக்கிறது. புதன்கிழமை கழட்டினேன். முதலில் வேறொரு பெட்டியைக் கழட்டிவிட்டேன், அது வயரில் தொங்கியது. அதைத் தவறு என்று சொல்ல முடியாது, பயிற்சி. இரண்டாவது முயற்சியில் டிரைவும் வந்தது, தகரம் கிழித்து என் பெருவிரலில் ரத்தமும் வந்தது. டிரைவோடு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா ஒரு டப்பாவை எடுத்து வைத்து, "லேப்டாப்புக்குன்னே செஞ்ச டிரைவ்னா ஒரே வயர்ல ஓடிரும் சார். இது பெரிய கம்ப்யூட்டரோடது, லேப்டாப் குடுக்கிற கரண்ட்டு பத்தாது. ஒரு வயர் லேப்டாப்புக்கு, இன்னொண்ணு இந்த அடாப்டர்ல இருந்து டிரைவுக்கு. ரெண்டும் இருந்தாத்தான் சுத்தும்" என்றார். இதைத்தான் நானும் சொல்ல வந்தேன் என்றேன். சார் எந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அடாப்டரைச் சுவரில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. பொத்தானை அமுக்கினதும் டிரைவ் நாக்கை நீட்டியது. டிஸ்க்கை வைத்தேன், விழுங்கிக்கொண்டது. அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை மாட்டினா தெரிஞ்சிருமா?"

"தெரிஞ்சிரும்க்கா."

"வளர்ந்திருந்தா நாளன்னைக்கே வெட்டிருவாங்களா?"

"வெட்டுறதாவது. சின்னக் கீறல்."

"உனக்கென்ன, உன் கழுத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு மாடியில் டியூஷன் எடுக்கிற டீச்சர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மணிக்கு அவருக்கு வகுப்பு, அதற்குள் திருப்பித் தர வேண்டும். டப்பாவைத் திறந்தேன். லேப்டாப் வயர் இருந்தது. அடாப்டர் இல்லை. மாப்பிள்ளை, பதற வேண்டிய இடம் இதுதான். கரண்ட்டு இல்லாமல் டிரைவ் செங்கல் மாதிரி கிடக்கிறது, இருக்கிற ஒரே டிஸ்க் அதன் வயிற்றுக்குள். டிரைவின் முகத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, ஊக்கை நீட்டிக் குத்தினால் வாயைத் திறக்கும். டிஸ்க்கையாவது மீட்போம் என்று ஊக்கு எடுக்க உன் அம்மாவின் அறைக்குள் போனேன். அங்கே நின்றபோதுதான் ஞாபகம் வந்தது: காலையில் கடைக்கார அம்மாவிடம் ஒரு சந்தேகம் கேட்க அடாப்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியவன், அதை சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கியிருக்கிறேன். என் ஆயுளில் நான் செய்த ஒரே தப்பு இது. வெளியே வந்து சொன்னேன். அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ எப்பவும் எதையாவது தொலைக்கிறவன்தானே. விடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

விடவில்லை. வெயிலில் ஓடினேன். கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, குனிந்து நுழைந்தேன். அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னொரு அடாப்டர் நாளைக்குத்தான் சார் வரும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை மூடி வைத்தார். "அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல ஃபேன் சுத்துதா?" சுற்றுகிறது என்றேன். "அப்ப கரண்ட்டு வருது. டிரைவோட கரண்ட்டு வயரைத் திரும்ப அதுலயே குடுங்க. இன்னொரு வயரை மட்டும் லேப்டாப்ல மாட்டுங்க." இந்த யோசனை ஓடி வரும்போதே என் மனசில் இருந்தது, அவர் முந்திக்கொண்டார்.

இரண்டேகால். தரையில் உன் கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு உறுமுகிறது. அதன் வயர் கட்டை, லேப்டாப் வயரும் கட்டை. ஆகவே டிரைவை இரண்டு கையாலும் அந்தரத்தில் ஏந்திக்கொண்டு முட்டி போட்டு நின்றேன். பச்சை விளக்கு. உள்ளே டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது, ஆகாய விமானம் தோற்கும். படங்கள் ஒவ்வொன்றாகப் பென்டிரைவில் ஏறுவதைத் திரை காட்டியது. எழுபத்தெட்டு சதவீதத்தில் நின்றது. மணி இரண்டே முக்கால். பெருவிரல் கட்டில் ரத்தம் கசிந்து பிடி வழுக்க, டிரைவ் கரகரவென்றது. அப்போது உன் அம்மா வந்தாள். எதிரே உட்கார்ந்து டிரைவின் மறுமுனையைப் பிடித்தாள். "ஆட்டாதடா" என்றாள். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பிடித்திருந்தோம். எழுபத்தொன்பது என்றது. அப்புறம் நிற்கவே இல்லை.

மூன்று மணிக்கு லேப்டாப் மாடிக்குப் போனது. மூன்று நாற்பதுக்கு பென்டிரைவ் டாக்டர் கையில். நாலு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஐந்து வரைக்கும் திறக்கவில்லை. உன் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வெளியே வந்து, "நாலு வருஷமா அப்படியே இருக்கும்மா, ஒரு நூல்கூட வளரல. ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

வீட்டு வாசலில் அக்கா கேட்டாள்: "பையனுக்கு எழுதுவியா?"

"எழுதுவேன்."

"நீ அடாப்டரைத் தொலைச்சதையும் எழுது."

எழுதிவிட்டேன். கடல் உன்னைத் தாலாட்டுகிற அளவுக்கு மட்டும் ஆடட்டும், நேரத்துக்குச் சாப்பாடும் தூக்கமும் கிடைக்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

உன் அன்பு மாமன்.

பின்குறிப்பு: அடாப்டரை நான் பஸ்ஸில் விடவில்லை. அன்று காலை நான் பஸ்ஸே ஏறவில்லை. கல்லூரி கேட்டது உட்பட மற்றதெல்லாம் சத்தியம், இது ஒன்றுதான் கட்டுக்கதை. ஊக்கு தேடும்போது தலையணையைத் தூக்கினேன். அடியில் இருந்தது, வயரை அழகாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு. எடுத்து மாட்டியிருந்தால் இரண்டே நிமிஷம். ஆனால் உன் அம்மா அறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணையை இருந்த மாதிரியே வைத்துவிட்டு வந்தேன். நீ வரும்போது, பஸ்ஸில் விட்ட மாமா என்றே என்னைக் கேலி செய். அவள் முன்னாலேயே செய்.

இன்று காலை டப்பாவைத் திறந்தால் அடாப்டர் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அக்காவைக் கேட்டேன். "பஸ்காரர் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாருடா" என்றாள். எந்த பஸ், வீடு எப்படித் தெரியும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவருக்குக் குடிக்கத் தண்ணியாவது குடுத்தியா என்று மட்டும் கேட்டேன்.

"குடுத்தேன்" என்றாள்.