வாலுக்குக் கீழே நின்ற வண்டி

பெருமதிப்பிற்குரிய ‘பழைய சக்கரம்’ மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

பதினோரு வருடச் சந்தாதாரன் பணிவோடு எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் என் நலத்தைச் சென்ற இதழின் பதினெட்டாம் பக்கத்தில் நீங்களே கெடுத்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் நலமாவது நீடிக்கட்டும்.

‘இது என்ன வண்டி?’ போட்டிக்கு மூன்று பழைய புகைப்படங்கள் போட்டீர்களே, விமான நிலையத்தில் எடுத்தது, குட்டை முகப்பு, முதுகில் உருண்டைத் தொட்டி, அதன் மேல் ஏறி நிற்க ஒரு மேடை. அந்தத் தடித்த குழாயை மாலை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் பல்லைக் காட்டுகிறானே, அது நான்தான். முப்பத்துமூன்று வருடம் அதை ஓட்டினேன். அது விமானக் கழிவறையைக் காலி செய்கிற வண்டி. இதை உலகத்திலேயே முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன். கல்யாணப் பேச்சு நடந்தபோது என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள், “விமானத்துக்கு எண்ணெய் போடுறேன்” என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

இதழ் வந்ததும் மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். என் மனைவியின் அண்ணன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், முடிவெட்டும் கடையில் பார்த்துப் பக்கத்தையே கிழித்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் காம்பஸும் ஸ்கேலும் வேறு.

“மாப்ளே, உங்க உயரம் அஞ்சடி ஆறு. அதை வெச்சுக் கணக்குப் போட்டா குழாய் வாய் நாலு அங்குலம் வருது. எண்ணெய்க்கு எதுக்கு அவ்வளவு பெரிசு?”

“பெரிய விமானம் மச்சான். தாகம் அதிகம்.”

“சரி. எண்ணெய் ஊத்துறது இறக்கையிலதானே? நீங்க ஏன் வாலுக்குக் கீழே நிக்கிறீங்க?”

“அது ரிசர்வ்” என்றேன். சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் சற்று நின்று, மறுபடி கேட்டது.

பதறிப்போய் அன்றே நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தீயணைப்பு வண்டி என்று ஒரு பொறியாளர், குடிதண்ணீர் வண்டி என்று ஒரு பைலட், ஓடுபாதை கழுவும் வண்டி என்று ஒரு பேராசிரியை, பறவை விரட்டும் வண்டி என்று ஓர் ‘உண்மை விரும்பி’, இப்படி நாலு பேர் உங்களுக்கு எழுதினாங்களே, நாலும் நான்தான் சார். இடது கையால எழுதினேன். பேராசிரியை மட்டும் வலது கை, இடது கை வலிச்சுப் போச்சு. அவ்வளவு சாமர்த்தியம் பண்ணிட்டு, பழக்கதோஷத்துல நாலு உறைக்கும் பின்னாடி என் வீட்டு முகவரியையே எழுதிட்டேன். நீங்களும் மகராசனா நாலு பேருக்கும் நன்றிக் கார்டு போட்டீங்க. தபால்காரர்கிட்ட அதை வாங்கினது மச்சான். “வீட்ல ஒரு பைலட்டும் பேராசிரியையும் குடியிருக்காங்களாமே, சொல்லவேயில்லையே மாப்ளே?” என்கிறார்.

அந்த வேலையில எனக்கு வெட்கம் இல்லை சார். நான் வராம எந்த விமானமும் கிளம்பினதில்ல. சொன்ன பொய்தான் வெட்கம். நாற்பத்துமூணு வருஷம் நம்பினவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? ஆகவே, அடுத்த இதழில் விடையாக மேற்படி நாலில் ஏதாவது ஒன்றைப் போட்டு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்படி மன்றாடுகிறேன்.

தங்கள் இதழ் பஞ்சர் ஆகாமல் நெடுங்காலம் ஓட வாழ்த்தி, தொட்டி நிறைந்த நன்றியுடன்,
இனிமேலாவது உண்மையுள்ள,
‘எண்ணெய்’க்காரன்

பி.கு.: இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை எடுத்துத் தா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் கடிதத்தையே வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தாள். “நீங்க ரிட்டயராகுற வரைக்கும் முப்பத்தோரு வருஷம் உங்க காக்கிச் சட்டையைத் துவைச்சவ நான். எண்ணெய்க் கறை நீலமாவா இருக்கும்? அது கக்கூஸ் மருந்துன்னு கல்யாணமான முதல் வாரமே தெரியும். நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன், பொறுமை போச்சு. போட்டோவை அனுப்பினதே நான்தான்” என்றாள். சரியான விடையையும் கூடவே எழுதிப் போட்டாளாம். எனவே மேலே கண்ட அனைத்தையும் ரத்து செய்து, முதல் பரிசை அவளுக்கே தரவும். முகவரி உங்களுக்குத் தெரிந்த அதே முகவரிதான். படம் அனுப்பியவரே விடை சொல்லலாமா என்று தயவுசெய்து விதி பேசாதீர்கள். அந்த விடையை அவள் முப்பத்தோரு வருடம் துவைத்திருக்கிறாள்.