தூ... ஏ... போ...

நியூ ஜெர்ஸி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், மெர்சியைப் போல அடுத்தவன் வயிற்றெரிச்சலைக் கிளப்பக்கூடிய ஆள் கிடைக்கமாட்டார். பாண்டிச்சேரிக்காரர், மருந்துக் கம்பெனியில் வேலை. நன்றியும் சொல்லமாட்டார், தேங்க்ஸும் சொல்லமாட்டார். எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் ஒரு ‘மெர்சி’தான். வேகமாகப் போனதற்கு ரூட் எய்ட்டீனில் டிக்கெட் எழுதிக் கொடுத்த போலீஸ்காரருக்கே மெர்சி சொன்னவர். எங்கள் ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டு மெயில்பாக்ஸுக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் நாடகத்தில் வருஷா வருஷம் நான்தான் ஹீரோ. வேறு யாரும் அந்த வேஷத்தைக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். அந்த வருஷம் கமிட்டி மீட்டிங்கில் மெர்சி எழுந்தார். தலையணை கனத்தில் ஒரு பழைய பிரெஞ்சு நாவல் இருக்கிறதாம். அதைப் பாரிஸில் முழுக்க முழுக்கப் பாட்டாகவே மேடையேற்றியிருக்கிறார்களாம். பார்த்துவிட்டு வந்திருக்கிறார், தமிழில் போடப் போகிறார். பாட்டு வராத ஹீரோ சரிப்படமாட்டான் என்று கமிட்டி என்னைக் கழற்றிவிட்டது. கதைப்படி சிறையில் அடைபட்டுக் கிடக்கும் ஹீரோ மெர்சியேதான். வழுக்கை, குட்டை உருவம், கல்யாணமாகாத ஐம்பது வயது. ஹீரோயின் யார் என்றால் என் மனைவி வசந்தி. எனக்குச் சிறைக் காவலாளி வேஷம் கொடுத்தார்கள். கையில் அட்டை ஈட்டி உண்டு, வசனம் கிடையாது.

எல்லாப் பாட்டையும் தமிழில் எழுதிய மெர்சி, ஹீரோயின் சிறைக்கம்பிக்கு வெளியே நின்று பாடும் ஒரு வரியை மட்டும் பிரெஞ்சிலேயே விட்டுவிட்டார். மொழிபெயர்த்தால் அதன் உயிர் போய்விடுமாம். வசந்தி அதைச் சமையலறையிலும் காரிலும் பாடிப் பாடிப் பழகினாள்.

“தூ... ஏ... போ...”

எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மெர்சியைக் காறித் துப்பி விரட்டும் காட்சி. நல்லவேளை, ஹீரோ வேஷம் நமக்கு வரவில்லை என்று நிம்மதியாகத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஹைஸ்கூலில் பிரெஞ்சு படிக்கும் என் மகள்தான் அதில் மண்ணைப் போட்டாள்.

“நோ அப்பா. இட் மீன்ஸ் யூ ஆர் ஹேண்ட்ஸம்.”

தூ என்றால் ‘நீ’யாம். போ என்றால் ‘அழகன்’னாம். அதற்குப் பிறகு தோசை இறங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வசந்தி என்னை அழகன் என்று தமிழில்கூடச் சொன்னதில்லை. கேட்டால் நடிப்புதானே என்றாள். நடிப்புக்கு எதற்கு இத்தனை உருக்கம்? அதையும் நான் பக்கத்திலேயே விறைப்பாக நின்று கேட்டுத் தொலைக்க வேண்டும். ஈட்டி அட்டையில் செய்ததாக இருந்தது மெர்சியின் அதிர்ஷ்டம்.

பொங்கல் விழாவன்று ஆடிட்டோரியம் நிரம்பி வழிந்தது. வசந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு உருகினாள். “தூ... ஏ... போ...” முன்வரிசையில் ஓர் அங்கிள் குபீரென்று சிரித்தார். சிரிப்பு கடைசி வரிசைவரை பரவியது. அங்கிருந்து ஓர் ஆன்ட்டியின் குரல் வந்தது.

“அவரே உள்ள அடைஞ்சு கெடக்காரு. எங்கம்மா போவாரு?”

நான் ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் மெர்சி பதில் வரியைப் பாடவில்லை. பாடுவதற்காக மூச்சை இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாரிஸிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து, உயிர் போய்விடும் என்று பயந்து தொடாமல் வைத்திருந்த வரி அது. வசந்தியின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு மேடையின் முன்னால் வந்து நின்றேன்.

“சிரிக்காதீங்க. அவங்க துப்பல. பிரெஞ்சுல ‘நீ அழகா இருக்கே’ன்னு சொல்றாங்க.”

“யாரு, உங்க வொய்ஃபா?” என்று கேட்டார் அந்த முன்வரிசை அங்கிள்.

“ஆமா சார், என் வொய்ஃப்தான். அவரைத்தான்.”

அந்த நாடகத்தில் நான் பேசிய வசனம் அவ்வளவுதான். தன் மனைவி இன்னொருவரை அழகன் என்கிறாள் என்று ஊரைக் கூட்டி மொழிபெயர்த்துச் சொன்ன புருஷன் அமெரிக்காவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வசந்தி அந்த வரியை மறுபடி பாடினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மெர்சி கம்பிகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு பதில் பாடினார், கைதட்டலை எல்லாம் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்.

இப்போது அவர் டெக்ஸாஸில், இர்விங்கில் இருக்கிறார். ஹீரோ வேஷம் எனக்கே திரும்பி வந்துவிட்டது. வயிற்றெரிச்சல் மட்டும் இன்னும் தீரவில்லை. இருந்தாலும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்தான், அதனால் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மனுஷன் அழகாகத்தான் இருந்தார்.