இடம் விட்டு நகராத சைக்கிள்

கணக்கப்பிள்ளை செல்லசாமியின் இடது கால் சுவரில் மோதியது. மிதிகட்டை கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று. சைக்கிள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அது அப்படி நிற்பதற்கென்றே செய்த சைக்கிள். ஒரே சக்கரம், இரும்புக் கால்கள், ஓர் இருக்கை. எவ்வளவு மிதித்தாலும் பக்கத்து ஊரான வட்டவளைக்குக்கூடப் போகாது.

தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை சீமைக்குக் கப்பலேறுமுன் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். மற்றவர்கள் நிலைக்கண்ணாடி, சாய்வு நாற்காலி என்று எடுத்துப் போனார்கள். செல்லசாமி இதை எடுத்தார். காரணம், அவருடைய வயிறு.

பழைய துரைக்கு முழங்கால் வாதம், மலையேற மாட்டார். துரையே ஏறாத மலையில் தனக்கென்ன வேலை என்று செல்லசாமியும் அடிவாரத்து நிழல் மரத்தடியில் நின்றுகொண்டார். மேலே கொழுந்தெடுக்கும் பெண்களைக் குடையை ஆட்டியே மேய்த்தார். வயிறு வளர்ந்தது. பிறகு புது துரை வந்தார், இளந்தாரி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்: அடுத்த மாதம் உச்சி மலையைப் பார்க்க வருவேன், கணக்கப்பிள்ளை எனக்கு முன்னால் ஏற வேண்டும், முடியாவிட்டால் வேலையையும் வீட்டையும் விட்டுப் போகலாம்.

வீட்டை விட்டால் எங்கே போவது என்று செல்லசாமிக்கும் தெரியாது, அவர் மனைவி நாகலெட்சுமிக்கும் தெரியாது.

"தெனமும் மேல ஸ்டோர் வரைக்கும் நடந்துட்டு வாங்க, போதும்," என்றாள் அவள். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோர் இருப்பது மலை முகட்டில்.

"நடக்குறது ஆளுங்க வேல. பழைய தொரை ஒடம்ப இந்த சைக்கிளாலதான் வச்சிருந்தாரு."

பழைய துரை உடம்பை வைத்திருந்த லட்சணம் தோட்டத்துக்கே தெரியும். நாகலெட்சுமி அடுப்பைப் பார்க்கப் போனாள். கல்யாணமான நாளாய்ச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனவள்.

இப்போது மிதிகட்டை கழன்றதும் ஸ்டோரில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர் அந்தோனிமுத்துவிடம் கொண்டுபோகச் சொன்னாள். செல்லசாமி ஓர் ஆளை அனுப்பலாமே என்றார்.

"ஆள் விட்டா லயம் பூராத் தெரிஞ்சிடும். அப்புறம் தொரை காதுக்குப் போவும்."

லயத்து வரிசை வீடுகளுக்கு ஏலம் முடிந்த அன்றே தெரியும். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பேச்சே அதுதான். ஆனால் கணக்கப்பிள்ளைகள் பீலிப் பக்கம் வருவதில்லை.

மிதிகட்டையோடு ஒரு டப்பாவையும் துணியில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். உள்ளே சோறும் கருவாட்டுக் குழம்பும். "சும்மா வேல வாங்கக்கூடாது. அவரு கையிலயே குடுங்க. வழியில அவுக்காதீங்க, கொட்டிடும்."

செல்லசாமி ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடங்களிலெல்லாம் அட்டைகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. பிட்டர் மிதிகட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சீமைச் சாமான் எல்லாம் இப்படித்தான் என்று பெருமூச்சு விட்டார். ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்து, இதை வைத்து முறுக்கிக் கட்டுங்கள் என்றார்.

முறுக்கிய கம்பியின் நுனி மறுநாளே வேட்டியைக் கிழித்தது. அதற்கடுத்த நாள் இருக்கை சாய்ந்து, செல்லசாமி அரிசிப் பானை மேல் விழுந்தார். இருக்கை பெரிய சாமான், தோளில் வைத்து ஏற வேண்டியிருந்தது. கையில் டப்பா. பிட்டர் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஓர் அடிக்கட்டை போட்டுக் கொடுத்தார். அது குத்திய இடத்தைச் செல்லசாமி யாரிடமும் காட்ட முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார்.

பிறகு சக்கரம் ஆடியது. மிதித்தால் வீடே அதிர்ந்தது, தட்டுமுட்டெல்லாம் கீழே வந்தன. வட்டவளைப் பக்கத்து மழை சும்மா விடுமா, அந்த மழையில் சக்கரத்தைத் தலையில் வைத்து ஏறினார். பிட்டரைக் கீழே வந்து பார்க்கச் சொல்லி அழாக்குறையாய்க் கேட்டார். கொழுந்து உருட்டும் ரோலர் ஓடுகிறது, விட்டு வந்தால் பெரிய டீமேக்கர் தோலை உரிப்பார் என்றார் அந்தோனிமுத்து, டப்பாவைப் பத்திரமாய் வாங்கி வைத்துக்கொண்டே.

கருவாட்டுக் குழம்பு ஏன் இப்படி ஸ்டோருக்குப் போகிறது என்று லயத்தில் ஒரு பேச்சு கிளம்பத்தான் செய்தது. பிட்டருக்குப் பல்லும் இல்லை, பார்வையும் பாதி என்பதால் அது வளராமல் போயிற்று.

கடைசியில் சட்டமே இரண்டாய்க் கழன்றது. ஒரு பாதியை முதுகில் கட்டி மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, இறங்கி வந்து மறு பாதியையும் ஏற்றினார். அன்று வளைவுகளில் உட்காரவில்லை என்பதை அவரே கவனிக்கவில்லை. நாகலெட்சுமி கவனித்தாள். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுவதையும் கவனித்தாள்.

"இந்தச் சனியன ஆத்துல போட்டுடலாம் நாகு. நான் மிதிச்ச நேரத்தவிட சொமந்த நேரந்தான் அதிகம்."

"தொரை வந்து போகட்டும். அப்புறம் போடலாம்."

துரை வந்தார். செல்லசாமி முன்னால் ஏறினார். உச்சி மலையில் நின்று திரும்பிப் பார்த்தால் துரை இரண்டு வளைவு கீழே, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மேலே வந்து சேர்ந்ததும் இந்த உடம்பு எப்படி வந்தது என்று கேட்டார். சைக்கிள் என்றார் செல்லசாமி. துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதைக் கொழுந்தெடுத்த அத்தனை பேரும் பார்த்தார்கள். வேலை நிலைத்தது, வீடும் நிலைத்தது.

அன்று மாலை செல்லசாமி முன்னறையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, குசினியைப் பார்த்துச் சத்தமாய்ச் சொன்னார்.

"நடந்தாப் போதும் நடந்தாப் போதும்னியே. கடைசில எது காப்பாத்துச்சு? சைக்கிள்தானே?"

"ஆமாங்க," என்றாள் நாகலெட்சுமி, அடுப்பை ஊதிக்கொண்டே. ரொம்பக் களைத்த ஆமாம்.

அப்போது குசினிப் பக்க வாசலில் அந்தோனிமுத்து வந்து நின்றார். ரோலர் நின்ற பொழுது போலிருக்கிறது. முன்னறையில் ஆள் படுத்திருப்பது பாதிப் பார்வைக்குத் தெரியவில்லை. ஒரு தகர டின்னை நீட்டினார், அது கலகலவென்றது.

"இந்தாங்கம்மா, நீங்க ராத்திரில கழட்டி, சோத்துக்கு அடியில வச்சு அனுப்புன நட்டெல்லாம் இதுல இருக்கு. இனிமே மாட்டிடலாமுங்களா, இல்ல ஐயாவுக்கு இன்னுங் கொஞ்சம் எளைக்கணுமா?"